ஐந்து டெஸ்ட், ஒரு வேலை: தொடரை எதில் பின்தொடர்வது?

ஒரு டெஸ்ட் தொடர் தொடங்கப்போகிறது என்றாலே தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். டிவியில் ஸ்போர்ட்ஸ் பேக் போடட்டுமா, போனில் சந்தா கட்டட்டுமா, இல்லை ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டு மறுநாள் ஹைலைட்ஸோடு முடித்துக்கொள்ளட்டுமா? டி20க்கு இந்தக் கேள்வியே வராது, மூன்றரை மணி நேரத்தை எப்படியும் சமாளித்துவிடலாம். ஐந்து டெஸ்ட் தொடர் அப்படியில்லை. 2025இல் இங்கிலாந்தில் நடந்த ஆண்டர்சன்–டெண்டுல்கர் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 4 வரை ஐந்து ஆட்டம், ஐந்துமே ஐந்தாம் நாள் வரை போயின, கடைசியில் 2-2. அந்த இருபத்தைந்து நாளையும் விடாமல் பார்க்க வேண்டுமென்றால் ஒன்று ஓய்வு பெற்றிருக்க வேண்டும், அல்லது மேனேஜர் நம்மைவிடப் பெரிய கிரிக்கெட் பைத்தியமாக இருக்க வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர் முழுவதற்கும் ஒரே வழி என்று முடிவு செய்வதுதான் தப்பு. ஒரு நாள் ஆட்டம் இரண்டிரண்டு மணி நேரமாக மூன்று செஷன், செஷனுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த செஷனுக்கு எது என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது நேரம். இங்கிலாந்தில் காலை 11 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மாலை 3.30. முதல் செஷன் 5.30 வரை, 40 நிமிட உணவு இடைவேளை, இரண்டாவது 6.10 முதல் 8.10, தேநீருக்கு 20 நிமிடம், மூன்றாவது 8.30 முதல் 10.30. ஓவர் பாக்கியிருந்தால் 11 வரை இழுக்கும். அலுவலகத்தில் ஒன்று, வழியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று நமக்காகவே போட்ட அட்டவணை மாதிரி இருக்கும்.

இரண்டாவது தாமதம். மைதானத்தில் பந்து விழுவதற்கும் அது உங்களிடம் வந்து சேர்வதற்கும் இடையிலான விநாடிகள். மூன்று நாள் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஆனால் கடைசி விக்கெட் நிற்கும்போது இதுதான் எல்லாமே.

மூன்றாவது செலவு. சந்தாத் தொகை மட்டும் செலவில்லை, டேட்டா, தூக்கம், வீட்டில் உள்ளவர்களின் முகம் எல்லாமே கணக்கில் வரும்.

நான்காவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: ஆட்டத்தின் கதையில் இழை விடாமல் இருக்கிறதா என்பது. அந்தத் தொடரின் கடைசி ஆட்டமான ஓவல் டெஸ்டில் இந்தியா 6 ரன்னில் ஜெயித்தது என்று எல்லோருக்கும் தெரியும், திங்கட்கிழமை சிராஜ் காலடியில் போட்ட யார்க்கரும் இங்கிலாந்தின் கடைசி விக்கெட்டான அட்கின்சனின் ஸ்டம்பும் எல்லோர் போனிலும் வந்துவிட்டன. ஆனால் அந்த 6 ரன் எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை ஒன்பது விக்கெட் போன பிறகு வாஷிங்டன் சுந்தர் எடுத்து விளாசினார். கடைசி விக்கெட்டுக்கு 39 ரன், அதில் பிரசித் கிருஷ்ணாவின் பங்கு பூஜ்யம். சுந்தர் 46 பந்தில் 53. அன்று அதைப் பார்த்தவனுக்கு ‘சரி, சும்மா கொசுறு’ என்றுதான் பட்டிருக்கும். திங்கட்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் ஆட்டமே. நெருக்கமான தொடரில் முக்கியமான இடம் எது என்று நடக்கும்போது தெரியாது, அதனால் முக்கியமானதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்ற திட்டம் டெஸ்டில் எடுபடாது.

## மைதானத்துக்குப் போவது

லண்டனுக்கு விமானம் ஏறுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. விசா, விமானக் கட்டணம், லார்ட்ஸ் டிக்கெட்டுக்குக் குலுக்கல் என்று அது வேறு பட்ஜெட். நமக்கு சேப்பாக்கம். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம்.

மைதானத்தில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது, அதில் சந்தேகமே இல்லை. பந்துவீச்சாளர் ஓடிவருவதற்கு முன் மிட்-ஆஃபில் இருப்பவர் இரண்டு அடி நகர்வதும், ஸ்பின்னர் வந்ததும் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் போடுவதும், பேட்ஸ்மேன் நடுவில் போய்ப் பிட்ச்சைத் தட்டிவிட்டு வருவதும் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், கேமரா காட்டினால்தான் என்ற நிலை இல்லை. கூட்டமும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றபோது, டெண்டுல்கர் 136 அடித்து 254இல் அவுட்டாகி மிச்ச மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் போனபோது, அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதே, அங்கே இருந்தவர்களுக்கு மட்டும் சொந்தமான விஷயம் அது. 1986 செப்டம்பர் 22 அன்று கிரெக் மேத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி ஆட்டம் டை ஆனபோது இருந்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள், சொல்லட்டும், அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இவை. ரீப்ளே பெரிய திரையில் எப்போதாவது வரும், எட்ஜா பேடா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து எவ்வளவு திரும்புகிறது என்றே தெரியாது. டிக்கெட் எடுக்கும்போது அண்ணா பெவிலியன் முனையிலோ பட்டாபிராமன் கேட் முனையிலோ பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் கிடைத்தால் கொஞ்சம் அதிகமானாலும் கொடுத்துவிடுங்கள், மூன்று மணி வெயில் முகத்தில் அடிக்காத பக்கமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலும் பவர் பேங்கும் வாசலோடு சரி.

இன்னொன்று, எந்த நாளுக்கு எடுப்பது? க்ளைமாக்ஸ் ஆசையில் ஐந்தாம் நாள் டிக்கெட் எடுப்பவர்களை நிறையப் பார்க்கலாம். இந்தியப் பிட்ச்சில் அது சூதாட்டம். 2024 செப்டம்பரில் இங்கே நடந்த வங்கதேச டெஸ்ட் நான்காம் நாள் மதிய உணவுக்கு முன்பே முடிந்துவிட்டது. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன் இலக்கு, இந்தியா 93க்குச் சுருண்டு மூன்றாம் நாளே கதை முடிந்தது. ஒரே ஒரு நாள் போக முடியும் என்றால் இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள். அதே வங்கதேச டெஸ்டில் 144க்கு 6 என்று கிடந்த அணியை அஸ்வின் உள்ளூரில் சதமடித்துத் தூக்கியது முதல் நாளில்தான், அது வேறு விஷயம், அந்த மாதிரி அதிர்ஷ்டத்தைத் திட்டம் போட்டு வாங்க முடியாது.

யாருக்கு ஏற்றது: தொடரில் ஒரு நாள் லீவு எடுக்க முடிந்த எல்லோருக்கும். ஆனால் தொடரைப் பின்தொடர்வதற்கு இது போதாது, ஐந்தில் ஒரு ஆட்டம்தான் உங்கள் ஊருக்கு வரும், சில தொடர்களில் அதுவும் வராது.

## டிவி

மூன்றாவது செஷனுக்கு டிவிதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

காரணத்தை ஒரே பந்தில் சொல்லலாம். அதே ஓவல் டெஸ்ட், அதே சனிக்கிழமை, அன்றைய ஆட்டத்தின் கடைசி ஓவர். இங்கிலாந்து 50 ரன், விக்கெட் போகவில்லை, தொடக்க ஆட்டக்காரர் கிராலி ஆடிக்கொண்டிருக்கிறார். சிராஜ் ஓடிவருவதற்கு முன் டீப் ஸ்கொயர் லெக்குக்கு ஆளை அனுப்புகிறார்கள். பவுன்சர் வரப்போகிறது என்று உலகத்துக்கே தோன்றுகிறது, கிராலிக்கும்தான். வந்தது யார்க்கர், ஸ்டம்ப் போய்விட்டது. ஸ்கோர்கார்டில் அது ‘கிராலி பவுல்டு சிராஜ் 14’ என்று ஒரு வரி. படத்தில் ஃபீல்டர் பின்னால் நடந்துபோவதையும், கிராலி திரும்பி அவரைப் பார்ப்பதையும், அப்புறம் பந்தையும் சேர்த்துப் பார்த்தவனுக்கு அது ஒரு முழுக் கதை.

டிவியின் தாமதம் போனைவிடக் குறைவு. டேட்டா கவலை இல்லை. தமிழ் வர்ணனை வேண்டுமானால் பெரும்பாலும் கிடைக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது வேறு. எனக்கு விக்கெட் விழாத நேரத்தில் தமிழ் வர்ணனை பிடிக்கும், பழைய ஆட்டக்காரர்கள் கதை சொல்வார்கள். பரபரப்பான நேரத்தில் அதே கதை பந்துக்கு நடுவில் புகுந்தால் ம்யூட் பண்ணத் தோன்றும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, ஒளிபரப்பு உரிமை தொடருக்குத் தொடர் கைமாறுகிறது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடர் ஸ்டார் ஸ்போர்ட்ஸில், ஆறு மாதம் கழித்து இங்கிலாந்துத் தொடர் சோனியில். போன தடவை போட்ட பேக்கை நம்பி உட்கார்ந்தால் முதல் நாள் 3.30க்கு ஏமாற வேண்டியதுதான், தொடருக்கு ஒரு வாரம் முன்பே எந்தச் சேனல் என்று பார்த்து அதை மட்டும் சேர்த்துக்கொண்டு, தொடர் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, வீட்டில் ஒரே டிவி என்றால் இரவு 8.30 என்பது சீரியல் நேரம். மூன்றாவது செஷனும் அப்போதுதான் தொடங்குகிறது. இதை நாலாம் நாள் இரவு பேசித் தீர்க்க முடியாது, தொடர் தொடங்கும் முன்பே எந்த நாட்கள் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எல்லா நாளையும் கேட்காதீர்கள், கிடைக்காது.

## போனில் நேரலை

படம் வேண்டும், டிவி கிடைக்காது என்ற நிலைக்கு இது சரியான மாற்று. அதற்கு மேல் இதைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

தாமதம்தான் இதன் பெரிய குறை. நேரலைச் செயலிகளில் படம் டிவிக்குப் பின்னால்தான் வருகிறது. மேல் வீட்டில் டிவி ஓடினால் அவர்கள் கத்தும்போது உங்கள் போனில் சிராஜ் இன்னும் ரன்-அப்பின் தொடக்கத்தில் பந்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப் குழு இருந்தால் இன்னும் மோசம், திரையின் மேலே அறிவிப்பு வந்து விழும், அதில் யாரோ ஒருவர் நாலு தீ எமோஜி போட்டிருப்பார், அடுத்த பந்தில் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துவிடும். போனில் பார்ப்பதென்றால் கடைசி ஒரு மணி நேரம் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், குழுவுக்கு ஆட்டம் முடிந்து போய்ச் சேருங்கள்.

டேட்டாவும் தின்னும். தினம் 1.5 ஜிபி பேக்கில் நல்ல தரத்தில் வைத்தால் ஒரு செஷன் தாண்டுவதே சந்தேகம். தாம்பரம், ஆவடி பக்கம் ரயிலில் போகிறவர்களுக்குப் படம் உறைந்து உறைந்து வருவது பழக்கமான காட்சி, சரியாகப் பந்து கையை விட்டுக் கிளம்பும்போதுதான் வட்டம் சுற்றும். வருடச் சந்தாவா மாதச் சந்தாவா என்று கேட்டால், இந்த ஒரு தொடருக்காக மட்டும் என்றால் குறுகிய காலச் சந்தா போதும், ஐந்து டெஸ்ட் தொடர் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும்.

யாருக்கு ஏற்றது: விடுதியில் இருப்பவர்கள், இரவு ஷிஃப்ட்காரர்கள், சீரியலிடம் தோற்றவர்கள்.

## பந்துக்குப் பந்து எழுத்து வர்ணனை

இதை ஏழைகளின் டிவி என்று நினைப்பவர்கள் டெஸ்ட் ஆட்டத்தை எழுத்தில் பின்தொடர்ந்து பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். கிரிக்இன்ஃபோ, கிரிக்பஸ் எதுவானாலும் சரி, கொஞ்சம் டேட்டாவிலேயே ஓடும், மீட்டிங்கில் மேசைக்குக் கீழே ஓடும், சிக்னல் போய்வந்தால் விட்ட ஓவரை மேலே போய்ப் படித்துக்கொள்ளலாம். நேரலைச் செயலியை இது பல சமயம் முந்தியும்விடும்.

அதே தொடரில் லார்ட்ஸ் டெஸ்டின் ஐந்தாம் நாளை நினைத்துப் பாருங்கள், 2025 ஜூலை 14, திங்கட்கிழமை. இலக்கு 193. உணவு இடைவேளைக்கு இந்தியா 112க்கு 8. அலுவலகத்தில் பாதிப் பேர் தாவலை மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அதன் பிறகு ஜடேஜாவும் பும்ராவும் 22 ஓவர் நின்றார்கள், சேர்த்தது 35 ரன். பும்ரா 54 பந்தில் 5. அப்புறம் சிராஜ் வந்து 30 பந்தில் 4. ஜடேஜா 181 பந்தில் 61, அவுட்டில்லை. எழுத்தில் இது எப்படி வரும் தெரியுமா? புள்ளி, புள்ளி, புள்ளி, ஒரு ரன், புள்ளி. புள்ளி என்றால் ரன் இல்லாத பந்து. ஓவரின் நாலாவது பந்தில் ஒற்றை ரன் இருந்தும் ஜடேஜா ஓடவில்லை என்று ஒரு வரி. ஐந்தாவதில் ஓடினார் என்று இன்னொரு வரி. தேவையான ரன் 81இல் இருந்து 60, 46, 30 என்று இறங்குவது அந்தப் புள்ளிகளின் நடுவில் கண்ணுக்கே தெரியும். இங்கிலாந்து ஸ்பின்னர் பஷீரின் பந்து சிராஜின் மட்டையில் பட்டு உருண்டு ஸ்டம்பில் மோதி பெயில் விழுந்தபோது பாக்கி 23.

இதன் மறைமுக விலை உங்கள் கவனம். பத்து நொடிக்கொரு தடவை திரையை இழுத்து இழுத்துப் புதுப்பிக்கும் கை எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யாது, படம் பார்ப்பதைவிட இதில் மனசு அதிகம் சிதறும். ஓவருக்கு ஒரு முறை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். இன்னொன்று, வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஒரு கோடு காட்டுவார்களே, அதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓவலில் இங்கிலாந்து 374ஐத் துரத்தி 301க்கு 3 என்று இருந்தபோது அந்தக் கோடு நம் பக்கமா இருந்திருக்கும்?

## காதால் கேட்பது

வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமைத்துக்கொண்டே, வண்டி ஓட்டிக்கொண்டே ஆட்டத்துக்குள் இருக்க இது ஒன்றுதான் வழி. இன்றைய சிக்கல் என்னவென்றால் வெளிநாட்டுத் தொடருக்கு ஒழுங்கான வானொலி வர்ணனை கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. பிபிசியின் டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல் 1957இல் இருந்து ஓடுகிறது, ஆனால் உரிமை எந்த நாட்டுக்கு உண்டு என்பது தொடருக்குத் தொடர் மாறும். நடைமுறையில் பலர் செய்வது, ஹாலில் டிவியை ஓடவிட்டு அடுப்படியில் நின்று கேட்பது. டிவி வர்ணனையாளர் படத்தை நம்பிப் பேசுகிறவர், ‘அருமையான பந்து’ என்பார், எந்தப் பக்கம் போனது என்று சொல்ல மாட்டார். பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதியும் இரண்டாவது செஷனுக்குப் போதும்.

## ஹைலைட்ஸ்

மறுநாள் காலை காபியோடு அரை மணி நேரம். தூக்கம் கெடாது, வீட்டில் சண்டை வராது. ஆனாலும் நெருக்கமான தொடருக்கு இதை மட்டும் நம்புவது நஷ்டம் என்பேன், ஏனென்றால் இது விக்கெட்டையும் பவுண்டரியையும் மட்டுமே காட்டும். அதே தொடரின் மான்செஸ்டர் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 311 ரன் பின்தங்கி, முதல் ஓவரிலேயே ரன் எடுக்கும் முன் 2 விக்கெட் போய், மொத்தம் 143 ஓவர் ஆடி டிரா செய்தார்கள். சுந்தரின் முதல் டெஸ்ட் சதம் 206 பந்து. அதில் ஹைலைட்ஸுக்கு என்ன இருக்கிறது? பதினைந்து பவுண்டரி காட்டுவார்கள், கடைசியில் டிராவுக்கு இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கை நீட்டியதும் இவர்கள் மறுத்ததும் வரும். ஒரு நாளைக்கு மேல் விடாமல் தடுத்த பந்துகள் வராது, அந்த ஆட்டமே அவைதான்.

இருந்தாலும் இதற்கும் இடமுண்டு. தேர்வு நேரம், கைக்குழந்தை வீடு, ஒரே பக்கம் சாய்ந்த ஆட்டம். எட்ஜ்பாஸ்டனில் கில் 269, 161 அடித்து இந்தியா 336 ரன்னில் ஜெயித்ததை ஹைலைட்ஸில் பார்த்தவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

## பிரித்துக்கொள்வது எப்படி

| நம் நேரம் | எங்கே இருப்பீர்கள் | எதில் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| 3.30–5.30 | அலுவலகம் | எழுத்து, ஓவருக்கு ஒரு முறை | புதுப் பந்து, முதல் பத்து ஓவர் |
| 6.10–8.10 | வழியில், அடுப்படியில் | எழுத்து அல்லது காது | விக்கெட் விழாத நேரம் எவ்வளவு நீள்கிறது |
| 8.30–11 | வீடு | டிவி, இல்லாவிட்டால் போன் | முழுக் கவனம் |
| மறுநாள் காலை | எங்கேயும் | விட்ட செஷனின் ஹைலைட்ஸ் மட்டும் | களம் எப்படி மாறுகிறது |

இதற்கு ஒரே விதிவிலக்கு ஐந்தாம் நாள். அன்று மூன்றாவது செஷன் என்று ஒன்று வருமா என்றே தெரியாது. ஓவலில் திங்கட்கிழமை இங்கிலாந்துக்குத் தேவை 35 ரன், கையில் 4 விக்கெட். 3.30க்குத் தொடங்கியது, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது, தோளில் அடிபட்டு ஒரு கையைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தின் வோக்ஸ் நடந்துவந்தது உட்பட. வீட்டுக்குப் போய் டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் கதி என்ன? நான்காம் நாள் இரவு ஸ்கோரைப் பாருங்கள். பாக்கி 100 ரன்னுக்குக் குறைவு அல்லது 5 விக்கெட்டுக்குக் குறைவு என்றால் மறுநாள் அரை நாள் லீவு போடுங்கள். மற்ற நாளில் லீவை வீணாக்க வேண்டாம்.

## ஆஸ்திரேலியா என்றால் எல்லாம் தலைகீழ்

சிட்னி, மெல்போர்ன் நமக்கு விடிகாலை 5 மணி, பிரிஸ்பேன் 5.30 சுமார், பெர்த் 7.50, அடிலெய்ட் பகலிரவு ஆட்டம் 9.30. இங்கே முதல் செஷன் படுக்கையில், கடைசி செஷன் அலுவலகத்தில். இங்கிலாந்துக்குப் போட்ட திட்டத்தை அப்படியே வைத்தால் ஓட்டை விழும். ஐந்து நாளும் 5 மணிக்கு அலாரம் வைப்பவர்களை எனக்குத் தெரியும், மூன்றாம் நாள் மதியம் அவர்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. முதல் செஷனைத் தூங்கிக் கழியுங்கள், 7 மணிக்கு எழுந்து ஸ்கோரைப் படித்துவிட்டு இரண்டாவது செஷனை டிவியில் பாருங்கள், மூன்றாவதற்கு எழுத்து. ஐந்தாம் நாளுக்கு மட்டும் அலாரமும் வேண்டும், லீவும் வேண்டும்.

2021 ஜனவரி 11 சிட்னி அப்படியொரு நாள். விஹாரிக்குத் தொடைத் தசை போய்விட்டது, அஸ்வினுக்கு முதுகு. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, ஆட்டம் டிரா. பத்துப் பத்துப் பந்தாக ஆடலாம் என்று அஸ்வின் தமிழில் விஹாரியிடம் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் விழுந்தது. எழுத்தில் பின்தொடர்ந்தவர்களுக்கு அது சாயங்காலம் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அடுத்த வாரம் பிரிஸ்பேனில் நடராஜனும் சுந்தரும் அறிமுகமான அந்த ஆட்டத்தில், 328ஐத் துரத்தி பண்ட் வெற்றி ரன்னை அடித்தபோது இங்கே மதியம் ஒரு மணி சுமார், செவ்வாய்க்கிழமை, வேலை நாள். லீவு சொல்ல முடியாதவர்கள் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் முன்னதாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான இடங்களில் விடுவார்கள்.